பீர்ச் சக்கை தின்ற மாடுகள்

நான் பீர் குடிப்பதில்லை. ஒரு தடவை குடித்துப் பார்த்திருக்கிறேன். வேப்பிலை ஊறிய தண்ணீரைக் குளிரவைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. காசு கொடுத்து இதைக் குடிக்கிறவனுக்கு நாக்கில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் என் கொட்டகையில் நிற்கிற நாலு மாடும் பீரை நம்பித்தான் நிற்கின்றன. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் எனக்குப் புண்ணாக்கு வாங்கித் தரப்போவதில்லை.

புண்ணாக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் கோபம் ஆரம்பித்ததும் அங்கேதான். எங்களுக்கு நெரவிப் பக்கம் கொஞ்சம் நிலம். காவிரித் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் கடைசியாக எட்டிப் பார்க்கிற வாய்க்கால் எங்களுடையது. மேலே இருக்கிற ஊர்களெல்லாம் குடித்து, குளித்து, வாய் கொப்பளித்து மிச்சம் விடுவதுதான் எங்கள் பங்கு. நெல் வீட்டுக்குச் சோறு போடும். மற்ற எல்லாச் செலவுக்கும் மாட்டின் மடியைத்தான் பார்க்க வேண்டும். வயிற்றுக்கு ஏதாவது போட்டால்தானே மடியில் ஏதாவது வரும்? மெஷின் அறுத்துத் துப்புகிற வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். 'இதை நீ தின்பாயா' என்கிற பார்வை. கடலைப் புண்ணாக்கு விலையோ, கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. ஆனால் பாலுக்கு நான் ஒரு ரூபாய் ஏற்றினால் மட்டும் தெருவே விலைவாசியைப் பற்றிப் பேசும்.

என் மனைவி சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"ரெண்டை வித்துடலாங்க. ரெண்டு மாட்டுத் தீனியை நாலுக்குப் பிரிச்சுப் போட்டா நாலும் எலும்பாத்தான் நிக்கும்."

"மாட்டை விக்கிறதுக்குப் பதிலா என்னை வித்துடு."

"உங்களை யாரு வாங்குவா? தீனி அதிகம், பாலும் கிடையாது."

விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, கையில் வேறு வழி இல்லை. அந்த நாலில் கறுப்பு ஒன்று இருக்கிறது. கன்றாக இருந்தபோது வெள்ளம் வந்து கொட்டகைக்குள் தண்ணீர் ஏற, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் கட்டியவன் நான். அதை வியாபாரி கையில் பிடித்துக் கொடுக்கிறதை நினைத்தாலே எனக்கு எல்லார் மேலும் கோபம் வரும்.

இப்போது பீருக்கு வருகிறேன்.

காரைக்காலுக்கு வடக்கேயும் தமிழ்நாடு, தெற்கேயும் தமிழ்நாடு. நடுவில் பாண்டிச்சேரி அரசுக்குக் கீழே நாங்கள். எங்கள் பக்கம் வரி குறைவு, சரக்கு விலையும் குறைவு. அதனால் சனி ஞாயிறு வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பஸ்ஸிலும் பைக்கிலும் ஆள் இறங்கும். திருநள்ளாற்றுக்கு வந்து எள் விளக்கு ஏற்றிவிட்டு, தோஷம் போன சந்தோஷத்தில் நேரே பாருக்குள் நுழைகிறவர்களும் உண்டு. இந்த வியாபாரத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒழுங்காகப் பேச ஆள் கிடையாது. மேடையில் திட்டுகிறவன் தன் கட்டிடத்தை பாருக்கு வாடகைக்கு விட்டிருப்பான். கடலை வறுக்கிற அம்மாள், ஐஸ் போடுகிற வண்டி, ஆட்டோக்காரன், காலி பாட்டில் பொறுக்குகிறவன், கடற்கரைப் பக்கத்திலிருந்து இறால் கொண்டு வருகிறவர்கள் என்று பாதி ஊர் அதில் சாப்பிடுகிறது. சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு "ஊரே கெட்டுப்போச்சு" என்கிறது. குடியால் கெட்ட குடும்பங்களும் எனக்குத் தெரியும். அதை மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தைரியம் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த நிலைமையில்தான் கடற்கரை போகிற சாலையில் ஒரு ஓட்டல் வந்தது. வெளியிலிருந்து பாட்டில் வாங்கி விற்கிற ஓட்டல் இல்லை. அங்கேயே பீர் காய்ச்சுகிற ஓட்டல். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் எவர்சில்வர் அண்டாக்கள். சாப்பிட வருகிறவர்கள் அந்த அண்டாக்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சினார்கள். கூட்டம் ஏற ஏற இரண்டு, மூன்று. எங்கள் தெருவில் வீட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தச் சமையலறைக்கு வேலைக்குப் போனார்கள். கேட்டரிங் படித்துவிட்டுத் துபாய் விசாவுக்குக் காத்திருந்த பையன்கள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு அங்கே நின்றார்கள். நான் பால் ஊற்றினேன். காப்பிக்கும் தயிருக்கும் பால் வேண்டுமே.

ஒரு நாள் காலை பால் ஊற்றிவிட்டுப் பின்பக்கக் கேட் வழியாக வந்தேன். கேழ்வரகுக் கூழும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற மாதிரி ஒரு வாசனை. இரண்டு ஆட்கள் ஒரு நீல டிரம்மைச் சாய்த்து, ஆவி பறக்கிற தானியச் சக்கையை மதிலோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காக்காய் கூட்டம், ஆட்டுக் கூட்டம். சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. என் மாடு மெஷின் வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, இங்கே தானியத்தைச் சாக்கடையில் கொட்டுகிறான்.

"யோவ், தின்கிற பொருளைக் கொட்டுறீங்களே, கை வருதாய்யா?"

"நீங்க யாரு? பால்காரர்தானே, பாலை ஊத்திட்டுப் போங்க."

நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி, கழுத்தில் சின்னச் சிலுவை.

"என்னண்ணே சத்தம்?"

"பீர் காய்ச்சுற ஆளை வரச் சொல்லும்மா. அவன்கிட்ட பேசிக்கிறேன்."

"நாந்தான்."

"நீயா?"

"ஏன், மீசை வேணுமா?"

காரைக்கால் மாதா கோயில் பக்கத்து வீட்டுப் பெண்ணாம். பாண்டிச்சேரியில் உணவுப் படிப்பு ஏதோ படித்துவிட்டு, பெங்களூரில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டு, சொந்த ஊரிலேயே வேலை கிடைத்ததும் திரும்பி வந்துவிட்டாள். "ஓட்டல்ல குவாலிட்டி பாக்குறா" என்று அவள் அம்மா சர்ச்சில் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"நான் பாக்குறது என்ன வேலைன்னு ஃபாதருக்குத் தெரியும்ணே. அவருக்குத் தெரியும்னு அம்மாவுக்குத்தான் தெரியாது."

சக்கையை அள்ளி முகர்ந்து பார்த்தேன். சூடாக, இனிப்பாக இருந்தது. மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டேன்.

"தாராளமாப் போடலாம். இது வெறும் பார்லி. முளைகட்டிக் காயவச்சு உடைச்சது."

"கால் வீங்குனா கஞ்சி வச்சுக் குடிக்கச் சொல்வாங்களே, அந்தப் பார்லியா?"

"அதேதான். சுடுதண்ணியில ஊறவச்சு இனிப்புத் தண்ணியை வடிச்சுக்குவோம். சக்கை வெளியில வந்துடும். அந்தத் தண்ணியை அப்புறமாக் காய்ச்சி, ஆறவச்சு, ஈஸ்ட் போட்டு, பல நாள் வச்சாத்தான் பீரு. சக்கைக்கும் போதைக்கும் சம்பந்தமே கெடையாது."

"இதை யாரும் கேட்கலையா?"

"நீங்கதான் முதல்ல கேட்டிருக்கீங்க. கேட்டீங்களா, திட்டுனீங்களான்னு தெரியல." பிறகு அவள் விரலை நீட்டிச் சொன்னாள். "ஆனா ஒண்ணுண்ணே. அன்னைக்கு எடுத்ததை அன்னைக்கே போட்டுடணும். மிஞ்சுனா மறுநாள் காலையில. நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு மேல தாங்காது, புளிச்சுடும். புளிச்சதைப் போட்டா மாட்டுக்கு வயிறு ஊதிடும். அப்புறம் என்னை வந்து திட்டக்கூடாது."

காசு பேச்சே இல்லை. காய்ச்சுகிற நாளில் போன் வரும். நான் போய் அள்ளிக்கொள்ள வேண்டும், டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், சிந்தியதைக் கூட்ட வேண்டும். குப்பை வண்டிக்குக் கொடுக்கிற காசு ஓட்டலுக்கு மிச்சம். எனக்குத் தீவனம். கோபத்தில் ஆரம்பித்த ஒரு பேச்சு இரண்டு பேருக்கும் லாபமாக முடிந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

கறுப்பு மாடுதான் முதலில் வாய் வைத்தது. மெஷின் வைக்கோலோடு கொஞ்சம் தவிடும் உப்பும் போட்டுச் சக்கையைப் பிசைந்து வைத்தேன். மூக்கை விட்டது, என்னைப் பார்த்தது, மறுபடி மூக்கை விட்டது. அப்புறம் தொட்டியின் அடி தெரிகிறவரை தலையைத் தூக்கவில்லை. மற்ற மூன்றும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. கொஞ்ச நாளில் தோல் மினுமினுவென்று வந்தது. பால் ஏறியது. என் மனைவி கறந்த பாலைப் பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"தண்ணி கலந்தீங்களா?"

"கறந்தவ நீ. கலக்குறதுக்கு நான் எப்ப வந்தேன்?"

விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். பால் விரலில் நின்றது. மாடு விற்கிற பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அண்ணன். அடுத்த தெரு. நல்ல கொத்தனார், நல்ல மனுஷன், சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அவர்தான் நிற்கமாட்டார். வேலை முடிந்த சாயங்காலம் அவருக்கும் பாருக்கும் நடுவில் யாரும் குறுக்கே போகக்கூடாது. புது ஓட்டலுக்குள் போகிற அளவுக்கு வசதி இல்லை என்று பழைய பாரிலேயே உட்காருவார். ஒரு நாள் நான் மொபெட்டில் டிரம்மைக் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். டிரம்மில் ஓட்டல் பெயர், பக்கத்தில் நுரை ததும்புகிற பீர்க் கோப்பைப் படம். மச்சான் வாசலிலேயே வழிமறித்தார்.

"என்ன மாப்ள, டிரம்முலயே வாங்க ஆரம்பிச்சாச்சா?"

"மாட்டுக்கு மச்சான். பீர் காய்ச்சுன சக்கை."

"மாட்டுக்கா?" அவர் முகத்தில் வந்த பொறாமையை நான் மறக்கவே மாட்டேன். "எனக்கு ஒரு நாளாவது வாங்கிக் குடுத்துருக்கியா?"

உள்ளே போய் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்க மாப்ள வீட்டு மாடு பீர் குடிக்குது, அதுவும் டிரம் கணக்குல. மறுநாள் விடிவதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவரை வீட்டு வாசலில் நிற்கவைத்து, இனி இந்தப் படி ஏறாதீங்க என்று கத்திவிட்டேன். அவரும் "உன் பீர் வீட்டுப் படியை எவன் ஏறுவான்" என்று துண்டை உதறிவிட்டுப் போனார். அதிலிருந்து பேச்சு இல்லை.

டீக்கடைக்காரர் என் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பத்து வருஷமாக என்னிடம் பால் வாங்குகிற மனுஷன்.

"தப்பா நெனைக்காதண்ணே. பஸ் டிரைவருங்க குடிக்கிற கடை. நாளைக்கு யாராவது வண்டியை வாய்க்கால்ல விட்டா என்னையில்ல கேப்பாங்க?"

ஒரு அம்மாள் பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தன் பேரன் நேற்று வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்கினானாம். பிள்ளை தூங்கினால் நல்லதுதானே என்றேன். "உன் பாலைக் குடிச்சுட்டுல்ல தூங்குறான்" என்றார். இன்னொரு பக்கம், என் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு ஆசாமி சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, காய்ச்சாத பாலாக வேண்டும், அதுவும் சாயங்காலக் கறவையாக வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்று சிரித்தார். நான் விரட்டிய வேகத்தில் சொம்பை விட்டுவிட்டு ஓடினார். அந்தச் சொம்பு இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

தெருவில் என்னைப் பார்க்கிறவனெல்லாம் "மாடு நேரா நடக்குதாண்ணே?" என்று கேட்டான். நான் எல்லோருக்கும் பதில் சொன்னேன். எழுத முடியாத பதில்கள்.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுப்பார்கள். முதல் குடத்துக்கு எங்கள் வீட்டுப் பால்தான். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாட்டுக் கொட்டகை எங்களுடையது என்பதால் எப்போதோ வந்த வழக்கம். அந்தக் குடம் போன பிறகுதான் மற்ற குடங்கள் போகும். கோயில் தர்மகர்த்தா எனக்குப் பங்காளி வகையில் சித்தப்பா. காப்புக் கட்டி முடிந்த வாரத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஏண்டா தம்பி, இந்த வருஷம் முதல் குடத்துக்கு வேற வீட்டுல பால் எடுத்துக்கலாம்னு இருக்கோம்."

"ஏன் சித்தப்பா?"

"ஊரே பேசுது. அம்மாவுக்குச் சாராயப் பாலை ஊத்துனோம்னு பேர் வரக்கூடாது பாரு."

"கோயிலுக்கு வெளியில முனீஸ்வரன் இருக்காருல்ல, அவருக்கு வருஷா வருஷம் முழு பாட்டிலை நீங்கதானே ஒடைச்சு வைக்கிறீங்க?"

"அது அவரோட விருப்பம். இது அம்மா."

"ரெண்டு பேரும் ஒரே வளாகம்தான சித்தப்பா!"

"தனித்தனி வாசல்டா."

போய்விட்டார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். என் மனைவி கத்தவில்லை, கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

"கோயிலே வேண்டாம்னு சொன்ன பாலை யாருங்க வாங்குவா? சக்கையை நிறுத்துனாலும் பேரு போகாது. கறுப்பையும் செவலையையும் வித்துட வேண்டியதுதான். திருவிழா முடிஞ்சதும் வியாபாரியை வரச் சொல்லுங்க."

இந்தத் தடவை நான் என்னை விற்றுவிடு என்று சொல்லவில்லை. அவள் சொல்வது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஓட்டல் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன் என்றாள். எங்கள் ஊரில் ரிப்போர்ட் செல்லாது என்றேன். ஓட்டல் கொடுத்த ரிப்போர்ட்டை ஓட்டல்காரன்தான் நம்புவான் என்பார்கள். "அப்ப உங்க ஊர்ல யாரு சொன்னா நம்புவாங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பால்குடத்துக்கு முந்தின நாள் காலை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். நான் ஒரு கேன் பாலோடு போய் நின்றேன். அப்போதுதான் கறந்தது, சூடு ஆறவில்லை. யார் வேண்டுமானாலும் குடித்துப் பாருங்கள் என்றேன். யாரும் முன்னால் வரவில்லை. நானே ஒரு சொம்பு குடித்துக் காட்டினேன்.

"நீ குடிச்சா என்னத்துக்கு ஆகும்? உனக்குப் போதைன்னா என்னன்னே தெரியாதே" என்றார் தர்மகர்த்தா. "அதுல இருக்கா இல்லையான்னு சொல்லணும்னா, அது தெரிஞ்ச ஆளு குடிக்கணும்."

அவர் அப்படிச் சொன்னதும் ஊரே திரும்பி ஒரே ஆளைப் பார்த்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அரசமரத்தடியில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற என் மச்சான் பின்னால் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை.

"வாய்யா இங்க" என்றார் தர்மகர்த்தா.

"நானா?"

"வேற யாரு? ஒரு சொட்டை நாக்குல வச்சா எந்தக் கடைச் சரக்குன்னே சொல்லிடுவியே."

"அவரு என்னோட பேசுறதே இல்ல" என்றேன். "எனக்குக் கெடுதல் பண்ணத்தான் பார்ப்பாரு."

"அப்ப இன்னும் நல்லது. ஒருதலையாச் சொல்லமாட்டான்ல?"

தர்மகர்த்தாவே கேனிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தன் கையாலேயே மச்சான் கையில் கொடுத்தார். மச்சான் வாங்கினார். சொம்பை ஒரு தடவை சுற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். பிறகு ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு மீசையில் ஒட்டியதையும் நாக்கால் எடுத்தார். அவ்வளவு மரியாதையாக ஒருவர் பால் குடித்து நான் பார்த்ததில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார். ஊர் காத்திருந்தது. பூக்கட்டுகிற அம்மாள் கையில் நார் அப்படியே நின்றது.

"ஏதாவது தெரியுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இரு."

இன்னும் கொஞ்ச நேரம். மச்சான் எழுந்து, கோடு போட்ட மாதிரி நேராக நாலு அடி நடந்து பார்த்தார். திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒண்ணும் இல்ல. வெறும் பாலு."

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு சொட்டுகூட இல்லங்கிறேன்! ஏமாத்து வேலை!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் கோபத்தில் பொய் இல்லை. ஏமாந்த மனுஷனின் கோபம் அது.

கூட்டம் சிரித்தது. தர்மகர்த்தாவுக்கு மட்டும் இறங்கி வர மனமில்லை. கேனுக்குள் மூக்கை விட்டார்.

"என்ன இருந்தாலும் மச்சான்காரன். தங்கச்சி வாழ்க்கைன்னா மாத்தித்தான் சொல்லுவான். எனக்கே லேசா வாடை வருதே. இது சரக்குப் பாலுதான்யா."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராகத் தன் அண்ணனிடம் போய், அவர் சட்டையின் வலதுகையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தர்மகர்த்தா பக்கம் திரும்பினாள்.

"சின்ன மாமா, அண்ணன் காப்புக் கட்டியிருக்கு."

காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிற வரைக்கும் கறி தொடமாட்டான், குடியைத் தொடமாட்டான். தொட்டால் அவனுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே ஆகாது. திருவிழாவையே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். மச்சான் வருஷா வருஷம் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறவர்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் குடி என்றதும் ஊருக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது, கை ஞாபகம் வரவில்லை.

"பால்ல சரக்கு இருந்துச்சுன்னா," என்றாள் என் மனைவி, நிதானமாக, "காப்புக் கட்டுன கையில சரக்கைக் குடுத்தது யாரு?"

எல்லோரும் சொம்பைப் பார்த்தார்கள். பிறகு தர்மகர்த்தாவைப் பார்த்தார்கள். அவர் கேனிலிருந்து மூக்கை எடுத்தார். அம்மன் சன்னிதிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"யாரு சொன்னது சரக்கு இருக்குன்னு?" என்றார். "சுத்தமான பாலு. அவன்தான் குடிச்சுட்டுச் சொல்லிட்டானே, ஒரு சொட்டுகூட இல்லைன்னு. நான் முதல்லேருந்தே அதைத்தானே சொல்றேன்."

"வாடை வருதுன்னீங்களே சித்தப்பா?"

"நல்ல பால் வாடைடா! முதல் குடம் வழக்கப்படிதான். போய் ஆக வேண்டிய வேலையைப் பாருங்க."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. டீக்கடைக்காரர் என் கேனைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, மிச்சப் பாலுக்கு இன்றைக்கே காசு தருகிறேன் என்றார். நேற்று வரை எங்கே போனாய் என்று கேட்டு அவரையும் கொஞ்சம் திட்டினேன். திட்டாமல் விட்டால் மறந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் மனைவியைக் கேட்டேன்.

"உங்க அண்ணன் காப்புக் கட்டியிருக்கிறது உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"உங்க சித்தப்பா கூப்பிட்டப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அண்ணன் குடிச்சிருக்காதே."

மறுநாள் முதல் குடத்தை மச்சான்தான் தலையில் வைத்துக்கொண்டு போனார். மஞ்சள் வேட்டி, மேளம், வெயிலில் மினுங்குகிற எவர்சில்வர் குடம். உள்ளே கறுப்பு மாட்டுப் பால். அம்மன் தலையில் ஊற்றியபோது நான் தர்மகர்த்தா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டார். எதற்காக அவ்வளவு நேரம் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியும்.

மச்சானிடம் பிறகு கேட்டேன், காப்புக் கட்டிய கையோடு எப்படித் துணிந்து சொம்பை வாங்கினீர்கள் என்று. அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாக்கு வறண்டு நின்னேன் மாப்ள. ஒருவேளை அதுல கொஞ்சம் இருந்துச்சுன்னா, பாலோட பாலாப் போயிடும், அம்மா கணக்குல வச்சுக்கமாட்டான்னு நெனைச்சேன்."

"இல்லாமப் போச்சே."

"அதான் கோவம்."

காப்பு அவிழ்த்த அன்றைக்கே அவர் எங்கள் வீட்டுப் படி ஏறினார். நானும் ஏறவிட்டேன்.

இப்போது எனக்கு வேறொரு தலைவலி. பால் ஏறியதை ஊர் பார்த்துவிட்டது. ஓட்டல் பின்பக்கக் கேட்டில் நான் மட்டும் நின்ற காலம் போய், காய்ச்சுகிற நாளில் டிரம்மோடு வரிசை நிற்கிறது. வரிசையில் முதல் ஆள் தர்மகர்த்தா சித்தப்பாவின் மகன். அம்மாவுக்கு ஆகாது என்ற சக்கை அவர் வீட்டு எருமைக்கு ஆகிறது. நான் போய்ச் சத்தம் போட்டேன். பூட்ஸ் போட்ட அந்தப் பெண் வெளியில் வந்து, முதலில் கேட்டவருக்குத்தான் முதல் டிரம், மற்றவர்களுக்கு அப்புறம் என்று சொல்லிவிட்டாள். கூட்டம் இப்படியே வந்தால் அடுத்த மாதம் இன்னொரு அண்டா இறக்குகிறார்களாம், அப்போது எல்லோருக்கும் கிடைக்கும் என்றாள்.

இதை மச்சானிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் கூலி வாங்கிய அன்றைக்குப் பழைய பாருக்குப் போவதில்லை. நேராக ஓட்டலுக்குப் போய், கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, சின்னக் கோப்பை ஒன்று வாங்கி நிதானமாகக் குடிக்கிறார். இவ்வளவு காசு கொடுத்து இது தேவையா என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நான் குடிச்சாத்தான் அவங்க காய்ச்சுவாங்க. அவங்க காய்ச்சுனாத்தான் உனக்குச் சக்கை. உன் மாட்டுக்காகத்தான் மாப்ள குடிக்கிறேன், எனக்காகவா?"

கேடுகெட்ட பேச்சு. இன்றைக்கும் போன் வந்திருக்கிறது, டிரம்மைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். மொபெட் சத்தம் கேட்டதுமே கறுப்பு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது.